பழைய ஏர் பிஸ்டலைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்

2010 நவம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு ஏர் பிஸ்டல் 2,77,250 பவுண்டுக்குப் போனது. வால்தர் எல்பி-53 என்ற ஜெர்மன் மாடல். பதினைந்து, இருபதாயிரம் பவுண்டு தேறும் என்றுதான் ஏலக்காரர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். விலை இப்படி எகிறியதற்கும் பிஸ்டலின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1963-இல் வெளிவந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தின் விளம்பரப் படங்களுக்காக ஷான் கானரி கையில் பிடித்து நின்ற பிஸ்டல் அது. படம் எடுக்க வேண்டிய அன்று ஜேம்ஸ் பாண்டின் வழக்கமான வால்தர் பிபிகேயைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் இலக்கு வைத்துச் சுடும் பழக்கமுள்ள புகைப்படக் கலைஞர் டேவிட் ஹர்ன் தன் சொந்த ஏர் பிஸ்டலைக் கொடுத்துச் சமாளித்தார். உலகப் புகழ்பெற்ற ஒற்றன் ஈயப் பெல்லட் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியோடு போஸ்டர்களில் நின்றது தனி வேடிக்கை. ஆனால் அந்த ஸ்பிரிங்கில் இன்னும் உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த விலையில் ஒரு பென்னி பங்குகூட இருந்திருக்காது.

சினிமாப் பொருளுக்கு அது சரி. அங்கே விற்பனையாவது கானரியின் பெயர். சினிமா வாசனையே படாத பழைய ஏர் பிஸ்டல்களை வாங்கி விற்பதிலும் இதே மனப்போக்கு வேரூன்றியிருப்பதுதான் பிரச்சினை. பெட்டி இருக்கிறதா, பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிய லேபிள் கிழியாமல் இருக்கிறதா, இரும்பின் கருநீல மெருகு எத்தனை சதவீதம் மிச்சம், கைப்பிடித் தகட்டில் விரிசல் உண்டா என்று பார்த்துப் பார்த்து விலை வைக்கிறார்கள். பிஸ்டலைச் சுட்டால் பெல்லட் என்ன வேகத்தில் போகிறது, பத்து முறை சுட்டால் அந்த வேகம் ஒரே சீராக இருக்கிறதா, ட்ரிகரை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதெல்லாம் விற்பனைக் குறிப்புகளில் அபூர்வம். ‘சுட்டதே இல்லை’ என்பதைப் பாராட்டாகவே எழுதுகிறார்கள். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. ஸ்பிரிங்கால் இயங்கும் பழைய ஏர் பிஸ்டலைச் சேகரிக்கிறவர், அதை அளவோடு சுட்டு, கிடைத்ததை அளந்து, எழுதி வைக்கக் கடமைப்பட்டவர். அதைச் செய்யாதவரிடம் இருப்பது அந்தப் பொருளின் தோற்றம் மட்டும்.

ஏன் என்பதற்கு, இந்த வகைத் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். மெரினா கடற்கரையில் பலூன் சுடும் கடையில் குழலை ஒடித்து, பெல்லட் போட்டு, மறுபடி நிமிர்த்துகிற அந்தத் துப்பாக்கியைப் பிடிக்காத சென்னைவாசி குறைவு. அதே தத்துவம்தான். குழலையோ நெம்புகோலையோ அசைக்கும்போது உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங் நெருங்கி, ஒரு கொக்கியில் மாட்டி நிற்கிறது. ட்ரிகரை இழுத்தால் கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் சிலிண்டரில் உள்ள காற்றை ஒரு மூலைக்கு நெருக்குகிறது. அந்தக் காற்று ஒரு சிறு துவாரம் வழியாகப் பாய்ந்து பெல்லட்டைத் தள்ளுகிறது. அதாவது காற்றை முன்கூட்டியே எங்கும் சேமித்து வைப்பதில்லை. ட்ரிகர் விடுபட்டுப் பெல்லட் குழல் முனையைத் தாண்டுவதற்குள், கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு பகுதியில், எல்லாம் உருவாகி முடிந்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு, பிஸ்டனின் எடை, அதன் முகப்பில் உள்ள தோல் அல்லது உலோக வளையத்தின் இறுக்கம், துவாரத்தின் அகலம், குழலின் பின்முனையில் உள்ள வாஷர், பெல்லட் குழலில் உட்காரும் விதம் ஆகிய இத்தனையும் ஒத்துழைத்தால்தான் அந்தச் சுடுதல் நடக்கும். இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது.

இதற்கு நல்ல உதாரணம் பர்மிங்ஹாமின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் 1924-இல் சந்தைக்குக் கொண்டுவந்த மார்க் 1 ஏர் பிஸ்டலும் அதன் வாரிசுகளும். முதல் உலகப் போர் முழுக்க பிரிட்டிஷ் படைக்கு ரிவால்வர் செய்து கொடுத்த நிறுவனம் அது. போர் முடிந்ததும் ராணுவ ஆர்டர் வற்றியது. 1920-இல் வந்த துப்பாக்கிச் சட்டம் வெடிமருந்துக் கைத்துப்பாக்கிகளைச் சாதாரண மக்கள் வைத்திருப்பதை அனுமதிச் சான்றிதழுக்குள் அடைத்தது. அபாயகரமானவை என்று விதிகளால் அறிவிக்கப்பட்டவற்றைத் தவிர மற்ற ஏர் துப்பாக்கிகளை அந்தச் சட்டம் விட்டுவைத்தது. அந்த ஊரிலோ ஏற்கெனவே ஏர் துப்பாக்கிப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. மதுக்கடைகளின் பின்னறைகளில் சிறு துளையிட்ட இரும்புத் தகட்டை மாட்டி, துளை வழியே போகும் பெல்லட் பின்னாலுள்ள மணியை அடிக்கிற போட்டி நடக்கும். மணி ஒலித்தால் புள்ளி. லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற பர்மிங்ஹாம்காரரின் ஏர் ரைஃபிள் வடிவமைப்பு அந்த ஊரில் நல்ல பெயர் எடுத்திருந்தது. ஆக வெப்லிக்கு ஆலை இருந்தது, கைத்தேர்ச்சி இருந்தது, வாங்க ஆளும் இருந்தார்கள். டக்ளஸ் ஜான்ஸ்டன், ஜான் ஃபேர்ன் இருவரின் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு வீமன் தெரு ஆலையில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1925-இல் மார்க் 2, 1929-இல் ஜூனியர், 1930-இல் சீனியர் என்று வரிசை நீண்டது. 1964-இல் பிரீமியர், பிறகு ஹரிகேன், டெம்பஸ்ட். 2005 டிசம்பரில் நிறுவனம் நொடித்துப்போய் பர்மிங்ஹாம் உற்பத்தி முடிவுக்கு வரும்வரை அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. எண்பது ஆண்டு ஒரே யோசனையில் ஓடிய இயந்திரங்கள் அதிகமில்லை.

அந்த யோசனை என்னவென்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சாதாரண ஏர் துப்பாக்கியில் சிலிண்டர் பின்னாலும் குழல் முன்னாலும் இருக்கும். கையடக்கமான பிஸ்டலுக்கு அந்த நீளம் தாங்காது. வெப்லியில் குழல் சிலிண்டரின் தலைமேல் படுத்திருக்கிறது. பின்பக்கக் கொக்கியை விடுவித்து, குழலின் பின்முனையைப் பிடித்துத் தூக்கி முன்னோக்கி வளைத்தால், அதோடு இணைந்த ஒரு தண்டு பிஸ்டனை முன்பக்கம் இழுத்து ஸ்பிரிங்கை நெருக்கும். குழலின் பின்வாய் இப்போது திறந்திருக்கும். பெல்லட்டை அங்கே அழுத்தி வைத்து, குழலை மீண்டும் படுக்க வைத்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். சுடும்போது பிஸ்டன் பின்னோக்கி, சுடுபவரின் கையை நோக்கி வருகிறது. காற்று அங்கிருந்து மேலே ஏறி, திரும்பி, குழலுக்குள் போகிறது. அதனால் பிஸ்டல் முதலில் லேசாக முன்னால் நழுவி, பிஸ்டன் மோதி நிற்கும்போது கையில் ஓர் உதை கொடுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியின் உதை போலவே தோன்றும் இந்த உணர்வு அந்தப் பிஸ்டலின் ஆளுமையில் பாதி. எந்தப் புகைப்படமும் இதைக் காட்டாது. 1935 வாக்கில் கைப்பிடியைச் சற்றுச் சாய்வாக மாற்றினார்கள். நேர்ப்பிடி, சாய்பிடி என்று சேகரிப்பாளர்கள் பிரித்துப் பேசுவது அதைத்தான். பிடியின் கோணத்தைக் கண்ணால் பார்த்து விலை பேசுகிறார்கள். அந்தக் கோணம் மாறியதால் உதையும் குறியும் கையில் எப்படி மாறின என்பதை அறிய இரண்டையும் சுட்டுப் பார்ப்பது தவிர வேறு வழி கிடையாது.

வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் உண்டு. ஒரே ஆண்டில் செய்த இரண்டு சீனியர்கள், மெருகும் பெட்டியும் ஒரே தரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முப்பது ஆண்டு முன்பு யாரோ ஒருவர் கையில் ஸ்பிரிங் நெருங்கிய நிலையிலேயே மறந்துபோய் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். அப்படிக் கிடந்த ஸ்பிரிங் தன் நீளத்தையும் விறைப்பையும் இழந்துவிடும். இன்னொன்றில் யாரோ கடையில் கிடைத்த வேறு ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டிருக்கலாம். மூன்றாவதாக, உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து கோந்தாகி பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜூனியர் போன்ற மாடல்களில் பிஸ்டன் முகப்பில் இருப்பது தோல். வாசிக்காமல் மூலையில் போட்ட மிருதங்கத்தின் தோலைப் போல அது காய்ந்து சுருங்கும். காற்று ஓரத்தில் கசியும். இந்த நான்கு கோளாறும் வெளியே எந்த அடையாளத்தையும் விடுவதில்லை. மாறாக, கீறலும் துருப்புள்ளியும் உள்ள ஒரு பிஸ்டல் உள்ளே ஆலையில் போட்ட ஸ்பிரிங்கோடு துல்லியமாக வேலை செய்யலாம். இன்றைய விலைப்பட்டியல் முன்னதற்குப் பரிசும் பின்னதற்குத் தண்டனையும் கொடுக்கிறது. மெருகு மீண்டும் ஏற்றப்பட்டதா, பெட்டி புதிதாக அச்சடித்ததா என்ற தில்லுமுல்லும் பெருகுவது இந்த முறையால்தான். தோற்றத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் தோற்றத்தைத்தான் உற்பத்தி செய்வார்கள்.

வேகத்தை அளப்பது பெரிய ஆய்வகங்களின் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்கு வழிகாட்டியவரின் கதை தமிழ் மண்ணில் வந்து முடிகிறது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் 1742-இல் வெளியிட்ட துப்பாக்கிச் சூட்டு இயல் நூலில், கனமான கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் ஊசல் முறையை விளக்கினார். அதுவரை குண்டின் வேகம் பற்றிப் பேசியதெல்லாம் பெரும்பாலும் ஊகம். காற்று குண்டைத் தடுக்கும் அளவு, அறிஞர்கள் நினைத்ததைவிட மிக மிக அதிகம் என்று ராபின்ஸ் அளந்து காட்டினார். லியோனார்ட் ஆய்லர் 1745-இல் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து நீண்ட விளக்கவுரையும் எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைச் சீரமைக்க இங்கே அனுப்பியது. 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதலில் நம்பகமாக எண்ணால் சொன்ன மனிதர் நம் கடற்கரையில் முடிந்துபோனார் என்பது பள்ளிப் பாடத்தில் இடம்பெறத் தக்க செய்தி.

ராபின்ஸின் ஊசலை ஏர் பிஸ்டலுக்கு வீட்டுக் கொல்லையிலேயே கட்டலாம். அரைக்கிலோ எடையுள்ள கட்டையின் முகத்தில் களிமண்ணை அப்பி, ஒரு மீட்டர் நீள நூல்களில் தொங்கவிட வேண்டும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஒன்றின் எடை சுமார் 0.51 கிராம். அது விநாடிக்கு 110 மீட்டர் வேகத்தில் வந்து களிமண்ணில் புதைந்தால் கட்டை சுமார் மூன்றரை சென்டிமீட்டர் பின்னால் ஆடும். வேகம் 120 மீட்டரானால் ஆட்டம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். கட்டை தள்ளிக்கொண்டு போகும்படி ஒரு காகிதச் சீட்டை வைத்தால் அந்த மூன்று மில்லிமீட்டரைக் கண்ணால் காணலாம். பொறுமை இல்லாதவர்களுக்குக் குரோனோகிராஃப் இருக்கிறது. இரண்டு ஒளிக்கதவுகளுக்கு இடையே பெல்லட் கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைத் திரையில் காட்டும் சிறு கருவி. 0.51 கிராமும் 110 மீட்டரும் சேர்ந்தால் ஆற்றல் சுமார் 3.1 ஜூல். இந்தப் பரம்பரைக்கு நம்பத்தக்க அளவு அதுதான். அதைவிடப் பல மடங்கு வந்தால் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்துக்குக் காரணம் எண்ணெய். பிஸ்டன் காற்றைத் திடீரென நெருக்கும்போது அந்தக் காற்றின் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறுகிறது. சிலிண்டரில் பெட்ரோலிய எண்ணெய் சிந்தியிருந்தால் அது டீசல் இன்ஜினில் நடப்பதைப் போலவே எரியும். குழல் முனையில் புகை, வழக்கத்தைவிடப் பெரிய சத்தம், மூக்கில் கருகல் வாடை. குரோனோகிராஃபில் எண் அள்ளிக்கொண்டு போகும். அந்த எண்ணை எழுதி வைப்பவர் ஸ்பிரிங்கின் திறனை எழுதவில்லை. எரிந்த எண்ணெயின் திறனை எழுதுகிறார். அந்த வெடிப்பு ஸ்பிரிங்கையும் வாஷரையும் சேதப்படுத்தும் என்பது தனிக் கணக்கு. ஆகவே சோதனைக்கு ஒழுங்கு வேண்டும். முதல் சில சூடுகளைக் கணக்கில் சேர்க்காமல், புகை அடங்கிய பிறகு பத்துச் சூடு. எந்தப் பெல்லட், எத்தனை கிராம், எத்தனை டிகிரி வெயில் என்பதோடு, பத்து வேகங்களையும் அப்படியே எழுத வேண்டும். சராசரியை மட்டும் எழுதினால் போதாது. சராசரி நன்றாக இருந்து இடைவெளி அகலமாக இருந்தால் வாஷர் கசிகிறது அல்லது பெல்லட் குழலில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். பழைய .22 குழல்களில் சில இன்றைய 5.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்குச் சற்றுத் தளர்வாக இருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, நல்ல ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிகிற அவசரக்காரர்களும் இருக்கிறார்கள்.

சுட்டால் தேயும், உடையும், பிறகு சேகரிப்பில் என்ன மிஞ்சும் என்பது முதல் ஆட்சேபம். அருங்காட்சியகக் காப்பாளர்கள் சொல்லும் இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியுள்ள மாதிரி வடிவத்தையோ, வரலாற்றில் ஒரு நபரோடு பிணைந்த துப்பாக்கியையோ சுடக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மார்க் 1, சீனியர், ஜூனியர் எல்லாம் பல்லாயிரக்கணக்கில் உற்பத்தியானவை. அவற்றின் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுடுவது அல்ல, தவறாகச் சுடுவது. பெல்லட் போடாமல் வெறுமே சுட்டால் பிஸ்டன் எதிர்க்காற்றின் மெத்தை இல்லாமல் சிலிண்டர் சுவரில் மோதும்; அப்படிச் சில முறை போதும், பழைய பிஸ்டலைக் கெடுக்க. குழல் தூக்கிய நிலையில் ட்ரிகரை இழுத்தால் குழல் விசையோடு வந்து அறையும். விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும். ஸ்பிரிங்கை நெருக்கிய நிலையில் அலமாரியில் வைப்பது, சிலிண்டரில் கண்ட எண்ணெயை ஊற்றுவது எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பத்துப் பத்துச் சூடு என்பது ஆயிரக்கணக்கான சூடு தாங்கச் செய்த ஸ்பிரிங்குக்கு ஒரு பொருட்டல்ல. தோல் வாஷர் உள்ளவற்றுக்கு அது நன்மையும் செய்யும். துளி எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் ஊறவைத்து இயக்கினால் தோல் மறுபடி மிருதுவாகி விரிந்து அடைத்துக்கொள்ளும். இயக்காமலே வைத்ததால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர், காய்ந்து வெடித்த தோலைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்.

இந்தப் பக்கம் பெட்டிக்காரர்கள் என்றால், அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் அதிகம். பழைய பிஸ்டலை வாங்கியதும் அதைத் திறந்து, விறைப்பான புது ஸ்பிரிங் போட்டு, செயற்கைப் பொருளால் ஆன வாஷரை மாட்டி, துவாரத்தைச் சீவி, ‘முன்பைவிட வேகம்’ என்று பெருமை பேசுகிறவர்கள். சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற என் வாதத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள இவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. சோதனை என்பது அந்தப் பிஸ்டல் என்னவாக இருந்தது என்பதை அறிவதற்கு. 1930-இல் செய்த ஒன்றில் இன்றைய ஸ்பிரிங்கைப் போட்டு அளந்தால் கிடைப்பது இன்றைய ஸ்பிரிங்கைப் பற்றிய தகவல். அதோடு வலுவான ஸ்பிரிங் பழைய கொக்கியின் முனையையும் குழல் கீலையும் தின்றுவிடும். பழுது பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால் பாருங்கள். ஆனால் எடுத்த பழைய ஸ்பிரிங், வாஷர், திருகு ஒவ்வொன்றையும் சீட்டெழுதிப் பொட்டலம் கட்டி பிஸ்டலோடு வையுங்கள். கம்பியின் தடிமன், சுருள்களின் எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் என மூன்று அளவை எழுதினால் அந்த ஸ்பிரிங்கை நாளை மீண்டும் செய்ய முடியும். எழுதாமல் குப்பையில் போட்டால் அது திரும்பாது. 1970-களில் வந்த ஹரிகேன், டெம்பஸ்ட் உடல்கள் அலுமினியக் கலவையில் வார்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தவை. சேகரிப்பாளர்கள் பலர் அவற்றை முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். இரும்புக் காலத்துக்கும் வார்ப்புக் காலத்துக்கும் சுடுதலில் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்பதை மாற்றம் செய்யாத பிஸ்டல்களின் பதிவுகள் மட்டுமே சொல்ல முடியும். அந்தப் பதிவுகள் வந்தால் முகச்சுளிப்பில் பாதி காணாமல் போகவும் கூடும்.

துப்பாக்கியைப் பற்றி இப்படி ஆர்வமாகப் பேசுவதே சரியா என்று கேட்பவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. மூன்று ஜூல் என்பது சிறியதாகத் தெரியலாம். கண்ணில் பட்டால் பார்வை போகும். சட்டங்கள் ஆற்றலை எண்ணால் வரையறுப்பது இதனால்தான். பிரிட்டனில் 1969 விதிகளின்படி ஏர் பிஸ்டலின் வரம்பு 6 அடி-பவுண்டு, அதாவது சுமார் 8.1 ஜூல். அதைத் தாண்டினால் ஏர் பிஸ்டல் என்ற சலுகை போய்விடும். ஜெர்மனியில் 7.5 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016-இன் கடைசி நாளிலிருந்து ஏர் ஆயுதம் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு உட்பட்ட, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் கொண்டவற்றுக்கு உரிமம் தேவையில்லை. குழல் அதைவிடப் பெரிதென்றால் ஆற்றல் எவ்வளவு குறைவானாலும் கதை வேறு. ஆகவே 5.5 மில்லிமீட்டர் சீனியர், நாலு ஜூலைத் தாண்டத் திணறினாலும், இங்கே உரிமப் பட்டியலில் வந்துவிடும். அந்த விதி அறிவுபூர்வமானதா என்பது வேறு விவாதம். இருக்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரு பிஸ்டலின் ஆற்றல் என்ன என்ற கேள்வியைக் கேட்கின்றன. சுடாமல் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. விறைப்பான ஸ்பிரிங்கோடு கைமாறி வந்த பழம்பொருள் வரம்பைத் தாண்டியிருந்தால், ‘நான் அளக்கவில்லை’ என்பது எந்த நீதிமன்றத்திலும் நல்ல பதிலாக இருக்காது. பெல்லட்டை விழுங்கும் மண்மூட்டை, கண்ணாடி, பூட்டிய வாசல், சுட்டு முடித்ததும் ஈயம் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் இருக்கட்டும். அளவுப் பதிவும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் ஏளனமானது. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வென்ற காலத்தில், அந்த இலக்கின் 11.5 மில்லிமீட்டர் நடுவட்டத்தையே நாணயம் போல விரித்துப் பார்க்கும் வீரர்களின் காலத்தில், உதைத்துக் குதிக்கும் ஒரு பழைய வெப்லியின் துல்லியத்தை அளந்து என்ன செய்யப் போகிறோம்? அந்த நவீன பிஸ்டல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் கிடைக்கும். ஸ்பிரிங் பிஸ்டலின் உதை குறியைக் கெடுக்கிறது என்பதால்தான் ஜெர்மனியில் டயானா நிறுவனம் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து உதையைச் சமன்செய்தது. ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1965-இன் மாடல் 65-இல், சுடும்போது முழு இயக்கப் பகுதியும் தண்டவாளத்தில் வழுக்கும்படி செய்து உதையைக் கைக்கு வராமல் தடுத்தது. 1988 சியோலில் ஒலிம்பிக் போட்டியாக ஏர் பிஸ்டல் நுழைந்தபோது ஸ்பிரிங்கின் காலம் முடிந்துகொண்டிருந்தது. முன்கூட்டி அழுத்திய காற்றும் வாயுவும் அந்த இடத்தைப் பிடித்தன. வெப்லியின் உதையை உணர்ந்து, அளந்து பார்த்தவருக்கு அந்தச் சறுக்குத் தண்டவாளத்தின் அருமை புரியும். கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் இரண்டு கறுப்புப் பிஸ்டல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

வெப்லி ஏர் பிஸ்டல்களைப் பற்றிக் கோர்டன் புரூஸ் எழுதிய நூல் போன்ற முயற்சிகளால் மாடல்கள், காப்புரிமைகள், வரிசை எண்கள் பற்றி இன்று நிறையத் தெரியும். அந்த உழைப்போடு சேர்ந்து நிற்க வேண்டியது ஒவ்வொரு பிஸ்டலின் சுடுதல் பதிவு. அதை யார் கேட்க ஆரம்பித்தால் நடக்கும்? வாங்குகிறவர்தான். ஏலப் பட்டியலில் மெருகின் சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போதும்: இன்ன எடைப் பெல்லட்டில் பத்துச் சூட்டின் வேகங்கள் இவை, ஸ்பிரிங் ஆலையில் போட்டதா மாற்றியதா, ட்ரிகர் எத்தனை கிராமில் விடுபடுகிறது. இந்த வரி இல்லாத பிஸ்டலுக்கு வாங்குகிறவர்கள் குறைவாக விலை கேட்டால் விற்பவர்கள் தாமாகவே அளக்கத் தொடங்குவார்கள். எல்லாவற்றையும் உடனே அளக்க ஆள் இல்லை என்பதால் வரிசை ஒன்று வகுத்துக்கொள்வது நல்லது. பழுதுபார்த்த தடயம் இல்லாத, திருகுத் தலைகளில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கூட இல்லாத போருக்கு முந்தைய பிஸ்டல்கள் முதலில் வர வேண்டும். ஆலை ஸ்பிரிங் இன்னும் உள்ளே இருக்க வாய்ப்புள்ளவை அவைதான். அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் பிஸ்டல் யார் கைக்குப் போகும், அங்கே எந்த ஸ்பிரிங் ஏறும் என்று சொல்ல முடியாது. மெருகு தேய்ந்ததால் விலைபோகாமல் கிடக்கும் சீனியர்களும் ஜூனியர்களும் அடுத்த வரிசை; நஷ்டப் பயம் இல்லாமல் திறந்து பார்த்து, ஸ்பிரிங்கை அளந்து, மறுபடி பூட்டிச் சுட அவை தோது. பளபளக்கும் பெட்டிப் பிஸ்டல்கள் கடைசியாக வரட்டும்.